ஐந்தாண்டுப் பாடம், அறுபத்தாறு ஆண்டு நன்றி

தமிழ் நூற்பதிப்பு வரலாற்றை எழுதப் புகுவோர் உ. வே. சாமிநாதையரைப் பற்றிய பகுதியை 1880ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் முதன்முறை கண்டு பேசிய நாள் அது. சீவகசிந்தாமணி என்னும் பெயர் அவருடைய வாழ்வினுள் ஒரு வினாவாகப் புகுந்த நாளும் அதுவே. வரலாற்று நோக்கில் இத்தொடக்கம் பிழையன்று. ஆயினும், அந்த வினாவைக் கேட்டவுடன் இருபத்தைந்து வயதுப் பண்டிதர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கு ஈடாக வைத்தாரே, அந்த மனவலிமை எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண நான்கரை ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1876 பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் ஓர் ஆசிரியர் உயிர் நீத்தார். ஒரு மாணாக்கர் அவர் அருகில் இருந்து திருவாசகம் படித்தார். அவ்விடத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் கருத்து.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பிறந்தவர். திரிசிரபுரத்தில் வளர்ந்து புகழ் பெற்று, மாயூரத்தில் வாழ்ந்து, திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக நிறைந்தவர். சாமிநாதையர் 1855 பிப்ரவரி 19ஆம் நாள் உத்தமதானபுரத்தில் பிறந்தவர். நாற்பது ஆண்டு வயது வேறுபாடு உடைய இவ்விருவரும் கூடி வாழ்ந்தது ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகள். ஆசிரியர் மறைந்தபோது மாணாக்கருக்கு இருபத்தொரு வயது நிரம்பவில்லை. அதன் பின்னர் மாணாக்கர் அறுபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் நாம் பேசவிருக்கும் செய்தியின் அளவு புலப்படும்.

அந்த ஐந்தாண்டுகள் எளிதில் கிட்டியவை அல்ல. தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். இராமாயணக் கதை சொல்லி, கிடைத்த நெல்லையும் பணத்தையும் கொண்டு குடும்பம் நடத்தியவர். மகனுக்குத் தமிழ் கற்பிக்க ஏற்ற ஆசிரியர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்கே குடும்பத்தைக் கொண்டுபோவது அவர் வழக்கமாயிற்று. அரியலூர்ச் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, கார்குடி கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் என்று ஆசிரியர்கள் மாறினர். ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததைக் கொடுத்தனர். இறுதியில் விருத்தாசல ரெட்டியார், இம்மாணாக்கருடைய பசிக்குத் தம்மால் இனி உணவளிக்க இயலாது, மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அனுப்புங்கள் என்று வழிகாட்டினார். தம்மினும் பெரியார் ஒருவரிடம் தம் மாணாக்கரை அனுப்பிவைக்கும் மனம் எத்தனை ஆசிரியருக்கு வாய்க்கும்? நம் இலக்கிய வரலாறுகளில் ரெட்டியாருக்கு ஒரு வரிகூட இடம் இல்லை. ஆனால் 'என் சரித்திர'த்தில் அவருக்குத் தனி இடம் உண்டு.

1871இல் மாயூரத்தில் தந்தையும் மகனும் பிள்ளையவர்களைச் சென்று கண்டனர். பிள்ளையவர்கள் உடனே இசையவில்லை. மாணாக்கர் பலர் வருவதும், சில நாள் இருந்துவிட்டுச் சொல்லாமற் போவதும் அவர் கண்டு சலித்திருந்தவை. உணவு ஏற்பாடு வேறு ஒரு தடையாக நின்றது. அக்காலச் சாதி வழக்கின்படி அந்தண மாணாக்கர் ஆசிரியர் இல்லத்தில் உண்ண இயலாது. வெளியே ஏற்பாடு செய்யவோ பிள்ளையவர்களிடம் பொருள் இல்லை. தந்தையார் அப்பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகே பாடம் தொடங்கிற்று. வேங்கடராமன் என்ற பெயர் கொண்டிருந்த மாணாக்கருக்கு வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயரையே தாம் வழங்குவதாக ஆசிரியர் விரும்பினார். ஆசிரியர் விரும்பிய பெயரே பின்னர்த் தமிழுலகம் அறிந்த பெயராயிற்று.

சேர்ந்தவுடன் ஆசிரியரிடம் நேரே பாடம் கேட்கும் பேறும் கிட்டவில்லை. மூத்த மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையிடம் நைடதம் படிக்குமாறு பணிக்கப்பட்டார். சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். மாணாக்கருக்கு அதில் மனக்குறை இருந்தது. அவர்பால் குறை கண்டு அன்று, ஆசிரியர் வாயாற் கேட்க வேண்டும் என்ற ஆவலால். அந்த ஆவலை அவர் நிறைவேற்றிக்கொண்ட வழி மிக அழகியது. பிள்ளையவர்கள் வீட்டுத் தோட்டத்தில் மரங்களை வைத்து வளர்த்து வந்தார். விடியற்காலையில் எழுந்து, எந்தக் கிளையில் புதிய தளிர் விட்டிருக்கிறது என்று மரந்தோறும் நின்று பார்ப்பது அவருக்கு ஒரு பேரின்பம். இதனை உற்றறிந்த மாணாக்கர், ஆசிரியருக்கு முன்பே எழுந்து தளிர்களைத் தேடிக் கண்டு வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் இன்ன இடத்தில் இன்ன தளிர் என்று காட்டத் தொடங்கினார். சில நாள்களில் ஆசிரியரின் பார்வை மாணாக்கர்பால் திரும்பியது. தனியே பேசும் வாய்ப்புப் பிறந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பின்னாளில் செல்லரித்த ஏட்டில் சிதைந்த எழுத்தைத் தேடிய கண்கள் முதலில் பயின்றது மாயூரத்துத் தோட்டத்தில் தளிர் தேடியே என்று நான் எண்ணிக்கொள்வது உண்டு. இஃது என் கற்பனையாகவே இருக்கட்டும்.

பிள்ளையவர்கள் கற்பித்த முறையைப் பற்றி நம் வட்டத்துக் கவிஞர்கள் அறிந்துகொள்ளவேண்டியது ஒன்றுண்டு. அவர் பாடல்களைத் தாமே எழுதுவதில்லை. சொல்லிக்கொண்டே போவார், மாணாக்கர் ஏட்டில் எழுத்தாணியால் எழுதுவர். இடையில் வருவோர் போவோரிடம் பேச்சும் நடக்கும், மீண்டும் விட்ட இடத்திலிருந்து செய்யுள் தொடரும். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களும், பல பிள்ளைத்தமிழ்களும் அந்தாதிகளும் பிறவும் இவ்வாறே உருவாயின. எழுதும் மாணாக்கருக்கு அது பாடத்தினும் பெரிய பாடம். கவிதை பிறக்கும் இடத்திலேயே அமர்ந்திருந்து கையால் அதனை வாங்கியவர் சாமிநாதையர்.

இத்துணைப் புலமை உடையவருக்கு வறுமை நீங்கியதே இல்லை. புராணம் அரங்கேறும்போது பரிசு வரும்; வந்த பரிசு கடனுக்குப் போகும். மாணாக்கருக்கு உணவிடுவதே அவருடைய பெருஞ்செலவு. கற்பிப்பதற்குக் கைம்மாறு வாங்கியவர் அல்லர். அவரிடம் கற்றவர்களில் சைவர் இருந்தனர், அந்தணர் இருந்தனர், சவேரிநாத பிள்ளை இருந்தார், நாகூர் குலாம் காதிறு நாவலரும் இருந்தார். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர். நட்பின் மிகுதியால் அவர்மீது பிள்ளையவர்கள் குளத்தூர்க் கோவை பாடினார். நீறணிந்து, ஆதீன வித்துவானாக வீற்றிருந்த ஒருவர் இதனைச் செய்தார் என்பதனை, சமயப் பற்று என்றாலே பிறர்மேல் வெறுப்பு என்று கொள்ளும் இந்நாளில் சற்று நின்று நோக்க வேண்டும். தம் நம்பிக்கையில் அவருக்கு ஐயமே இல்லாதிருந்ததால்தான் பிறர் நம்பிக்கை அவரை அச்சுறுத்தவில்லை.

அவருடைய அன்பு எப்போதும் மென்மையாகவே இருந்தது என்று கூறுவதும் உண்மை ஆகாது. இசைக் குடும்பத்திற் பிறந்த சாமிநாதையர் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிலகாலம் இசை பயின்றார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய அதே பாரதியார்தாம். இச்செய்தி எட்டியபோது பிள்ளையவர்களுக்கு மகிழ்ச்சி இல்லை. இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியத்தில் ஊன்றாது என்று கருதினார். மாணாக்கர் இசைப் பயிற்சியை விட்டார். ஆசிரியர் செய்தது சரியா என்று இன்று வழக்காடலாம். நான் முழுவதும் ஆசிரியர் பக்கம் நிற்கமாட்டேன். ஆயினும் இழந்ததைக் குறித்து மாணாக்கர் எழுதும்போது மனக்கசப்பின் சாயல்கூட அதில் இல்லை. நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் தரப் பிள்ளையவர்கள் நெடுநாள் தயங்கியதையும், இறுதியில் பாரதியார் பாடக் கேட்டு உருகித் தந்ததையும் மாணாக்கரே மறைக்காமல் எழுதிவைத்தார். அன்பு குறைகளை மூடி மறைக்கவேண்டும் என்று அவர் எண்ணவில்லை.

1876ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிள்ளையவர்களின் உடல்நிலை தளர்ந்தது. இறுதி நாளில் திருவாசகத்தில் அடைக்கலப்பத்தைப் படிக்குமாறு குறிப்பித்தார். சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தம் மார்பிற் சார்த்தித் தாங்கியிருக்க, சாமிநாதையர் படிக்க, பிள்ளையவர்களின் உயிர் பிரிந்தது. கிறிஸ்தவ மாணாக்கரின் மார்பும் அந்தண மாணாக்கரின் குரலும் அந்தச் சைவப் பெரியாருக்கு இறுதித் துணையாயின. எந்தப் புலவரும் இதனைக் கற்பித்து எழுதியிருந்தால் மிகை என்று நாம் தள்ளியிருப்போம்.

ஆசிரியரை இழந்த மாணாக்கர் கலங்கி நின்றார். அவரைத் தாங்கியவர் ஆதீனகர்த்தராகிய சுப்பிரமணிய தேசிகர். பாடம் சொல்லியும், பாடம் சொல்லவைத்தும், திருவாவடுதுறையிலேயே இருந்து வாழ வசதி செய்தும் காத்தார். பிள்ளையவர்களின் மூத்த மாணாக்கரும் கும்பகோணம் கல்லூரித் தமிழ்ப் பண்டிதருமாகிய தியாகராச செட்டியார் தாம் ஓய்வு பெறும் வேளையில், தம் இடத்துக்குச் சாமிநாதையரே தக்கவர் என்று கல்லூரித் தலைவர் கோபாலராவிடம் எடுத்துரைத்தார். தேசிகருக்கோ அவரைப் பிரிய மனமில்லை. செட்டியார் விடவில்லை. 1880 பிப்ரவரியில் சாமிநாதையர் கல்லூரிப் பணியில் அமர்ந்தார். பிள்ளையவர்கள் தாம் உயிரோடிருந்து செய்யமுடியாமற் போனதை அவருடைய மாணாக்கர் ஒருவர் மற்றொருவருக்குச் செய்தார்.

இப்போது அக்டோபர் 21க்கு வருவோம். இராமசுவாமி முதலியார், தாங்கள் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஆசிரியரிடம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, கலம்பகம், புராணம் ஆகியவற்றை இளம்பண்டிதர் பெருமிதத்தோடு வரிசைப்படுத்தினார். முதலியார் அசையவில்லை. இவற்றால் என்ன பயன், இவற்றுக்கு மூலமாகிய பழைய நூல்களைப் படித்திருக்கிறீர்களா என்றார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்னும் பெயர்கள் வந்தன. தாம் படித்ததில்லை, தம் ஆசிரியரும் படித்ததில்லை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இவ்விடத்தில்தான் வரலாறு வேறு வழியில் திரும்பியிருக்கக் கூடும். தம் ஆசிரியர் உலகிலேயே பெரியவர் என்று எண்ணி வாழ்ந்த ஒருவர், அந்த ஆசிரியரின் எல்லைக்கு அப்பால் ஒரு பெருநாடு கிடக்கிறது என்று ஒரே மாலையில் அறிகிறார். அத்தகைய நிலையில் இருவகை வீழ்ச்சி இயல்பு. ஆசிரியர் படியாதது படிக்கத் தக்கதன்று என்று கதவை அடைத்துக்கொள்ளலாம். நம் மடங்களிலும் கல்லூரிகளிலும் இன்றைய இலக்கியக் குழுக்களிலும் இதனைக் காணாதார் இல்லை. அல்லது, புதியதைக் கண்ட களிப்பில் பழைய ஆசிரியரை எள்ளத் தொடங்கலாம். இதுவும் நமக்குப் புதிதன்று. சாமிநாதையர் இரண்டிலும் வீழவில்லை. முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியை எடுத்துச் சென்று படிக்க அமர்ந்தார், பொருள் விளங்கவில்லை, விடவில்லை. ஆசிரியரிடம் பெற்ற சொல்வளமும் யாப்பறிவும் நச்சினார்க்கினியர் உரையோடு போராடும் ஆயுதங்களாயின. ஆசிரியர் தராத நூலை ஆசிரியர் தந்த கருவியாலேயே திறந்தார். அதனால்தான் எழுபத்தெட்டு வயதிலும் தம் ஆசிரியரைப் பற்றி ஒரு சொல் தாழ்த்தி எழுத அவருக்கு நேரவில்லை.

இதில் அடங்கிய சமயச் சிக்கலையும் கூற வேண்டும். சிந்தாமணியில் ஈடுபட்ட சோழனைச் சிவனடியார் வரலாற்றுக்குத் திருப்பவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது சைவ மரபுரை. பிள்ளையவர்களோ சேக்கிழார்மீதே பிள்ளைத்தமிழ் பாடியவர். அவருடைய அருமை மாணாக்கர் சிந்தாமணியை அச்சிடப் புகுந்தார் என்றால் சைவ உலகில் முணுமுணுப்பு எழாமல் இருக்குமா? எழுந்தது. ஆனால் சுப்பிரமணிய தேசிகர் மடத்து ஏட்டுப் பிரதிகளை எடுத்துக் கொடுத்தார். பொருள் விளங்காத சைன மரபுகளைக் கேட்டறியச் சாமிநாதையர் கும்பகோணத்துச் சைனர்களை நாடினார். சந்திரநாத செட்டியார் முதலியோர் அவருக்கு விளக்கம் தந்தனர். தாம் இலக்கியமாகப் பொருள் தேடிக்கொண்டிருந்த நூலை அவர்கள் வீட்டில் வழிபாட்டு நூலாக ஓதி, நிறைவு நாளைக் கொண்டாடுவதைக் கண்டபோது அந்நூல்பால் அவர் கொண்ட மதிப்பு வேறொரு நிலைக்கு உயர்ந்தது. மாயூரத்தில் சவேரிநாத பிள்ளையிடம் ஏடு விரித்து அமர்ந்த பழக்கம் இங்குக் கைகொடுத்தது. 1887இல் சீவகசிந்தாமணி வெளிவந்தது. மடத்திலும் கல்லூரியிலும் அவரைத் தாங்கிய தேசிகரும் செட்டியாரும் 1888ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அடுத்தடுத்து மறைந்தனர். நூல் அச்சான செய்தியை அறிந்து சென்றார்கள் என்பது ஓர் ஆறுதல்.

ஏடு தேடிச் சென்ற பயணங்களைப் பற்றி நம் பள்ளிப் பாடநூல்கள் நிறையவே கூறுகின்றன. அவற்றில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கரிவலம்வந்தநல்லூரில் வரகுணராம பாண்டியர் தொகுத்து வைத்திருந்த சுவடிகள் கோயிலில் இருப்பதாகக் கேள்வியுற்றுச் சென்றார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடுவது சாத்திர முறை என்று சொல்லி எரித்துவிட்டதாக விடை கிடைத்தது. எரித்தவர்கள் தீயவர் அல்லர், பக்தியோடுதான் எரித்தார்கள். பக்தி அறிவோடு கூடாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. அவர் மனம் எரிந்தது. ஆயினும் பயணம் நிற்கவில்லை.

அடுத்தது ஆழ்வார்திருநகரி. பத்துப்பாட்டுக்கு நல்ல பிரதி கிடையாமல் அலைந்த காலம். இலட்சுமண கவிராயர் வீட்டில் நாள்கணக்கில் சுவடிகளைப் புரட்டியும் வேண்டியது அகப்படவில்லை. அவ்வூரில் நம்மாழ்வார் திருவிழா. ஆழ்வார் எழுந்தருளி வந்தபோது, நெற்றியில் நீறணிந்த அவர் வைணவ ஆசாரியரின் திருமுன் நின்று மனமுருகி வேண்டிக்கொண்டார். தமிழ் தந்த ஆழ்வார் தமிழ்நூல் தேடி வந்தவனைக் கைவிடலாமா என்பதே வேண்டுதலின் கருத்து. அன்றிரவே கவிராயர் ஒரு சுவடியுடன் வந்தார். அது அவருடைய மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டில் இருந்தது. மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சு இல்லாதிருந்தது. தேடி வந்தவரின் ஏக்கத்தைக் கண்டு பொறாமல் பிணக்கை மறந்து போய்க் கேட்டு வாங்கி வந்தார். நிலவொளியில் பிரித்துப் பார்த்தபோது முல்லைப்பாட்டுக் கண்ணிற்பட்டது. இதனை ஆழ்வார் அருள் என்று சாமிநாதையர் கொண்டார். அருளை ஏற்காதவர்களும், ஒரு குடும்பத்தின் பகை ஒரு பாட்டுக்காகத் தீர்ந்தது என்னும் அளவிலாவது வியக்கலாம்.

மூன்றாவது தருமபுரம். குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்களை அடுக்கிச் சொல்லும் பகுதியில் சில அடிகள் பிரதிகளில் இல்லை. திருவாவடுதுறை மடத்துக்கும் தருமபுரம் மடத்துக்கும் அக்காலத்தில் வழக்கும் பிணக்கும் இருந்தமையால், திருவாவடுதுறையைச் சார்ந்த அவர் தருமபுரத்தில் போய்ச் சுவடி கேட்கக் கூசியிருந்தார். காலம் மாறிப் புதிய தலைவர் வந்தபின் சென்றார், வரவேற்கப்பட்டார். அங்கிருந்த சுவடிக் குவியலில் அந்த மலர்கள் கிடைத்தன. பிற்காலத்தில் இதனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு 'உதிர்ந்த மலர்கள்' என்று பெயரிட்டார். தருமபுரத்தாரின் உதவியை அதில் அவர் பாராட்டியிருக்கும் முறையைப் படிப்பவர்க்கு, இரு மடங்களுக்கிடையே பிணக்கு இருந்ததா என்றே தோன்றும்.

நன்றியறிதல் என்பது உள்ளத்தில் மட்டும் இருந்துவிட்டால் பிறர்க்கு அதனாற் பயனில்லை. சாமிநாதையர் அதனைப் பதிப்புமுறையின் ஓர் உறுப்பாகவே ஆக்கினார். பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898, ஐங்குறுநூறு 1903, பதிற்றுப்பத்து 1904, பரிபாடல் 1918, பெருங்கதை 1924, குறுந்தொகை 1937 என்று நீளும் வரிசையில் முகவுரைகளைப் படித்துப் பார்க்க வேண்டும். எந்த ஊரில், யார் வீட்டில் இருந்து பிரதி கிடைத்தது என்று பெயர் பெயராக எழுதுகிறார். ஐயம் தீர்த்தவர், பொருள் உதவியவர், ஒப்புநோக்கியவர் என்று ஒருவரும் விடுபடலாகாது என்ற கவலை அவரிடம் தெரிகிறது. கிராமத்துக் கவிராயருக்கும் ஆதீனத் தலைவருக்கும் ஒரே பக்கத்தில் இடம் உண்டு. இன்று சுவடிகளின் வரலாற்றை ஆராய்வோர்க்கு, எந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த நன்றியுரைகளே முதற்சான்று. அன்பினால் எழுதப்பட்ட பக்கங்கள் ஆராய்ச்சிக்கு ஆதாரமாயின.

புறநானூற்றைப் பதிப்பித்தவர் அவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. பாரி மாய்ந்தபின் அவன் மகளிரைத் தம் பொறுப்பாக ஏற்று ஊர் ஊராகச் சென்ற கபிலரை அந்நூலிற் காண்கிறோம். வள்ளல் இருக்கும்போது பாடுதல் எளிது. அவன் இல்லாதபோது அவனுக்காக நடத்தலே அரிது. ஆசிரியர் இல்லாத உலகில் ஆசிரியருக்காக நடந்த ஒருவர் கையில் அந்த ஏடு வந்து சேர்ந்தது பொருத்தமே.

ஆசிரியருக்கு அவர் செய்தவற்றைக் கூறாமல் இக்கட்டுரை நிறைவுறாது. பல ஊர்களிற் சிதறிக் கிடந்த பிள்ளையவர்களின் சிற்றிலக்கியங்களைத் திரட்டி 1910இல் பிரபந்தத்திரட்டாக வெளியிட்டார். சங்க நூல்களின் பதிப்பாசிரியர் என்று நாடெங்கும் புகழ் பரவிய காலம் அது. பரவலான பாராட்டு வேண்டியிருந்தால் வேறொரு பழைய நூலையே எடுத்திருப்பார். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றார். அதன்பின் 1933, 1934ஆம் ஆண்டுகளில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரத்தை இரண்டு பாகமாக வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவரை நேரில் அறிந்தவர் பலர் மறைந்துவிட்டனர். இருந்தவர்களைத் தேடி, கேட்டு, பல ஆண்டுகளாகக் குறித்து வைத்தவற்றைக் கோத்து அதனை எழுதினார். தமிழில் ஒரு புலவருக்கு இத்துணை விரிவான வாழ்க்கை வரலாறு அதற்கு முன் எழுந்ததில்லை என்று துணிந்து கூறலாம்.

ஒரு வினா எஞ்சுகிறது. நம் கவிஞர்கள் கேட்கக்கூடியது. சாமிநாதையர் பதிப்பித்த நூல்களே தமிழரின் சுவையை மாற்றின. சங்கப் பாட்டின் சுருக்கத்தையும் எளிமையையும் கண்டபின், தலபுராணங்களின் அணிவரிசையை யார் படிப்பர்? மாணாக்கரின் உழைப்பே ஆசிரியரின் கவிதையை மறதிக்குத் தள்ளிவிட்டதே என்பர். இதில் உண்மை உண்டு. இன்று பிள்ளையவர்களின் புராணங்களைத் தேடிப் படிப்போர் மிகச் சிலர். ஆனால் அவர் எழுதியவை யாவும் வெறும் பண்டிதச் செய்யுள் என்று தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன். சேக்கிழார் பிள்ளைத்தமிழை ஒருமுறை வாய்விட்டுப் படித்தவர் அவ்வாறு கூறார். அது நிற்க. கவிதை மறக்கப்பட்டபோதும் கவிஞர் மறக்கப்படவில்லை என்பது இலக்கிய உலகில் மிக அரிது. மாயூரத்துத் தோட்டமும், கடன் சுமந்த அந்த வீடும், எழுத்தாணி பிடித்த மாணாக்கர்களும் நமக்கு இன்று கண்முன் நிற்பதற்குக் காரணம் அந்த மாணாக்கருடைய உரைநடை. தம் ஆசிரியரின் காலச் சுவையை மாற்றிய கையே அவர் வாழ்வைக் காத்தும் வைத்தது.

தியாகராச செட்டியாருக்கும் அவர் பட்ட கடன் தீர்ந்ததாக அவர் நினைக்கவில்லை. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி வந்தபின், திருவல்லிக்கேணியை அடுத்த திருவட்டீசுவரன்பேட்டையில் தமக்கு அமைந்த வீட்டுக்குத் 'தியாகராஜ விலாசம்' என்று பெயர் வைத்தார். தமக்கு வேலை வாங்கித் தந்தவர் பெயரை வாயிலில் எழுதிக்கொண்டு அதன் கீழே நாள்தோறும் நுழைந்தார். சங்க நூல்கள் பல அச்சுக்கு ஆயத்தமானதும், கி. வா. ஜகந்நாதன் போன்ற மாணாக்கர்கள் பாடம் கேட்டதும் அவ்வீட்டில்தான். 2012இல் அவ்வீடு இடிக்கப்பட்டது. இடிபட்டதைப் பற்றி அப்போது அறிக்கைகளும் இரங்கல்களும் வந்தன, அவ்வளவுதான்.

1940 முதல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' வாரந்தோறும் வெளிவந்தது. தன் வரலாறு என்று பெயர். எடுத்துப் படித்தால் பெரும்பகுதியில் பிள்ளையவர்களே நடமாடுகிறார். முதுமைக் காலத்தில் தம்மைப் பற்றி எழுத அமர்ந்தவருக்கு ஆசிரியரை விட்டுத் தம்மைத் தனியே பிரித்துக்காட்டத் தெரியவில்லை. 122 அத்தியாயங்களோடு அது முற்றுப்பெறாமல் நின்றது. 1942இல் ஜப்பானியர் தாக்குவர் என்ற அச்சத்தால் சென்னையிலிருந்து மக்கள் வெளியேறியபோது, எண்பத்தேழு வயதில் அவரும் ஏடுகளோடு திருக்கழுக்குன்றத்துக்குச் சென்றார். அங்கே தங்கியது திருவாவடுதுறை ஆதீனத்துக்கு உரிய இடத்தில். ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவர் பெயரால் அமைந்த நூல்நிலையம் 1943இல் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அடையாற்றில் தொடங்கியது. அவர் சுமந்து திரிந்த ஏடுகளும், சிந்தாமணி நாளிலிருந்து அவர் எழுதி வைத்த குறிப்புகளும் அங்கே போய்ச் சேர்ந்தன.